ஒன்றுபோலத் தெரியும் இரண்டு கருநீலங்களில் உங்கள் சுவருக்கு எது? முழுமையான வழிகாட்டி

ஷேட் கார்டில் இரண்டு கருநீலக் கட்டங்கள். இடம் மாற்றி வைத்தால் எது எது என்று அடையாளம் தெரியாது. அதே இரண்டும் சுவரில் ஏறிய பிறகு ஒன்று சாயங்காலத்தில் பச்சை தட்டும், மற்றது விளக்கு போட்டதும் கருப்பாகிவிடும். வெளிர் நிறத்தில் தேர்வு கொஞ்சம் பிசகினால் அறை சற்று மஞ்சளாகவோ சற்று வெளிறியோ இருக்கும், பழகிவிடலாம். கருநீலத்தில் பிசகினால் நீலமே காணாமல் போய்விடுகிறது. அதன்மேல் வேறு வெளிர் நிறம் ஏற்றுவதும் லேசான வேலை இல்லை.

கருநீலத்தை அது மிக அழகாகத் தெரியும் நேரத்தில் பார்த்துத் தேர்ந்தெடுக்கக் கூடாது. அந்த அறையில் நீங்கள் உண்மையில் உட்கார்ந்திருக்கும் நேரத்தில், அங்கே இருக்கிற வெளிச்சத்தில், எது நீலமாகவே நிற்கிறதோ அதுதான் உங்கள் நிறம். கீழே வரும் சோதனைகள் எல்லாம் அந்த ஒரு விஷயத்தைக் கண்டுபிடிக்கத்தான். மொத்தம் ஆறு நாள் ஒதுக்குங்கள்: மாதிரி அடித்துக் காயவிட இரண்டு நாள், பார்க்க மூன்று நாள், முடிவெடுக்கவும் அளவு கணக்கிடவும் ஒரு நாள்.

1. டப்பாவைத் திறக்கும் முன் எண்ணைப் பாருங்கள்

பெரும்பாலான நிறுவனங்கள் தங்கள் நிறங்களுக்கு எல்ஆர்வி என்ற எண்ணைத் தருகின்றன. சுவர்மேல் விழும் வெளிச்சத்தில் எத்தனை சதவீதத்தை அந்த நிறம் திருப்பி அனுப்புகிறது என்பதே அந்த எண். முழுக் கருப்பு 0, முழு வெள்ளை 100. கருநீலங்கள் பெரும்பாலும் 3க்கும் 10க்கும் நடுவில் வரும்.

இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். ஒன்று 4, இன்னொன்று 8 என்றால் "நாலு புள்ளிதானே" என்று தோன்றும். கண் வெளிச்சத்தை அப்படி நேர்க்கணக்கில் அளப்பதில்லை. கண்ணுக்குத் தெரியும் வெளிர்வை 0 முதல் 100 வரையிலான படிகளாக மாற்றினால், எல்ஆர்வி 4 என்பது சுமார் 24ஆம் படி, 8 என்பது சுமார் 34ஆம் படி. பத்துப் படி வித்தியாசம். வெளிர் நிறங்களில் 60க்கும் 64க்கும் அதே நாலு புள்ளிதான், ஆனால் படிகளில் 82, 84 என்று இரண்டே படி. அடர்ந்த நிறங்களில் 4லிருந்து 5க்குப் போகும் ஒற்றைப் புள்ளிகூட மூன்று படி தூக்கிவிடும்.

ஆகவே உங்கள் இரண்டு நிறங்களின் எல்ஆர்வி இடைவெளி 2 புள்ளியைத் தாண்டினால் அவை ஒரேபோன்ற நிறங்களே அல்ல. எவ்வளவு இருட்டு வேண்டும் என்பதுதான் உங்கள் கேள்வி. இடைவெளி ஒரு புள்ளிக்குள் இருந்தால் எண்ணை மறந்துவிடலாம். உள்சாயல்தான், அதாவது நீலத்துக்குள் கலந்திருக்கும் வேறு நிறத்தின் சாயல்தான் தீர்மானிக்கும்.

2. நீலத்துக்குள் என்ன ஒளிந்திருக்கிறது என்று கண்டுபிடியுங்கள்

கருநீலம் எதுவும் வெறும் நீலம் இல்லை. அடர்த்திக்காகக் கருப்பு சேர்ந்திருக்கும். அதோடு கொஞ்சம் பச்சையோ, ஊதாவோ, சாம்பலோ கலந்திருக்கும். மூன்று குடும்பங்களாகப் பிரித்துக்கொள்வது வசதி: மயில்கழுத்துப் பக்கம் சாய்வது, கத்தரிப்பூப் பக்கம் சாய்வது, சிலேட்டுப் பலகைப் பக்கம் சாய்வது. ஃபாரோ அண்ட் பால் நிறுவனத்தின் ஹேக் ப்ளூ (எண் 30) பச்சை தட்டும் கருநீலத்துக்குப் பெயர்போனது. பெஞ்சமின் மூரின் ஹேல் நேவியையும் (எச்சி-154) ஷெர்வின்-வில்லியம்ஸின் நேவலையும் (எஸ்டபிள்யூ 6244) பலரும் ஒன்றென்றே நினைப்பார்கள். முன்னதில் சாம்பல் கூடுதல். பின்னது இன்னும் தெளிவான, கூர்மையான நீலம். பெயரில் "நேவி" இருப்பதால் எதுவும் புரியாது.

உள்சாயலைக் கண்டுபிடிக்கச் சுலபமான, நம்பகமான வழி வெள்ளைச் சோதனை. தேவையானவை: இரண்டு நிறங்களின் சாம்பிள் டப்பா, எந்த நிறமும் சேர்க்காத வெள்ளை எமல்ஷன் கொஞ்சம், ஊசி இல்லாத 5 மில்லி சிரிஞ்ச் மூன்று, இரண்டு கிண்ணம். ஒவ்வொரு கிண்ணத்திலும் 20 மில்லி வெள்ளை ஊற்றி, ஒவ்வொரு நிறத்திலிருந்தும் சரியாக 2 மில்லி சேர்த்து, கோடு தெரியாமல் கலக்குங்கள். இரண்டையும் ஒரே தாளில் அருகருகே பூசிக் காயவிடுங்கள்.

கருப்பின் திரை விலகியதும் குடும்பம் வெளியே வந்துவிடும். ஒன்று கடல் நிறத்தில் பச்சையோடு நிற்கும். ஒன்று கத்தரிப்பூ வெளிர்நிறமாக நிற்கும். சாம்பல் கலந்தது மழைமேகம்போல மங்கிக் கிடக்கும். ஷேட் கார்டில் கண்ணுக்கே தெரியாத வித்தியாசம் இந்தத் தாளில் பத்தடி தூரத்திலிருந்தே தெரியும். பலருக்கு இந்தக் கட்டத்திலேயே ஒரு நிறம் கழிந்துவிடும். பச்சை தட்டும் நீலம் வேண்டவே வேண்டாம் என்பவருக்கு மேற்கொண்டு சோதனை எதற்கு?

கலவைக்கு இரண்டு டப்பாவிலிருந்தும் ஒரே அளவு எடுப்பது முக்கியம். கண்மதிப்பில் ஊற்றினால் அடர்த்தி மாறிவிடும், அடர்த்தி வித்தியாசத்தையே சாயல் வித்தியாசமாக மூளை எடுத்துக்கொள்ளும். சாம்பிள் டப்பாவை ஒரு நிமிடமாவது அடிவரை கிளறிய பிறகே எடுங்கள்.

3. மாதிரியைச் சுவரில் அடிக்காதீர்கள், பலகையில் அடியுங்கள்

வெள்ளைச் சுவர் நடுவில் கை அகலத்துக்கு அடித்துப் பார்ப்பதுதான் வழக்கம். அதில் இரண்டு கோளாறு. சுற்றியிருக்கும் வெள்ளை, நடுவில் இருக்கும் நிறத்தை இன்னும் கருப்பாகக் காட்டும். மேலும், அந்த மாதிரியை அறையின் மற்ற மூலைக்கு எடுத்துப்போக முடியாது.

பக்கத்து நிறம் கண்ணை எவ்வளவு ஏமாற்றும் என்பதற்குப் பழைய சான்று ஒன்று உண்டு. பாரிஸில் கோபெலன் நெசவுப் பட்டறையின் சாயப் பிரிவுக்குப் பொறுப்பாக இருந்த மிஷேல் ஷெவ்ரலிடம், நீலத்தோடும் ஊதாவோடும் சேர்த்து நெய்த கருப்பு நூல் மங்கித் தெரிகிறது என்று புகார் வந்தது. அவர் ஆராய்ந்தார், சாயத்தில் குறை இல்லை. பக்கத்து நிறங்கள்தான் கருப்பின் வலுவைக் குறைத்துக் காட்டின. 1839ல் அவர் இதை விதியாகவே எழுதி வெளியிட்டார். உங்கள் மாதிரிக்கும் அதே விதிதான்.

செய்முறை:

ஒவ்வொரு நிறத்துக்கும் 60 × 60 செ.மீ. அளவில் இரண்டு பலகை எடுத்துக்கொள்ளுங்கள். மெல்லிய எம்டிஎஃப், பிளைவுட், தடித்த ஃபோம் போர்டு எதுவும் சரி. முதலில் ஒரு கோட் பிரைமர். பிறகு ரோலரால் இரண்டு கோட், நடுவில் நான்கு மணி நேர இடைவெளி. பிரஷ்ஷால் அடிக்க வேண்டாம். பிரஷ் கோடுகள் வெளிச்சத்தைப் பிடித்து நிறத்தை மாற்றிக் காட்டும். ஓரம் விடாமல் விளிம்புவரை அடியுங்கள், வெள்ளைச் சட்டம்போல எதுவும் மிஞ்சக் கூடாது. கடைசிக் கோட்டுக்குப் பிறகு ஒரு நாள் முழுக்கக் காயட்டும். தண்ணீர் கலந்த எமல்ஷன் ஈரத்தில் பால் கலந்ததுபோல இருக்கும். காய்ந்த பிறகே உண்மை நிறத்துக்கு இறங்கும். ஈரத்தில் பார்த்து எந்த முடிவும் எடுக்காதீர்கள்.

இரண்டு பலகைக்கும் சேர்த்து ஒரு நிறத்தில் 150 மில்லி போதும். 250 மில்லி சாம்பிள் வாங்கினால் வெள்ளைச் சோதனைக்கும் அடுத்து வரும் பெட்டிச் சோதனைக்கும் மிச்சம் இருக்கும். சாம்பிளின் மினுமினுப்பு நீங்கள் சுவருக்கு வாங்கப்போவதோடு ஒத்திருக்க வேண்டும் என்பதை முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். பல இடங்களில் சாம்பிள் ஒரே ஒரு ஃபினிஷில்தான் கிடைக்கும். அப்படியானால் 1 லிட்டர் உண்மை பெயின்ட் வாங்குவதே மேல். தேர்வாகும் நிறத்தின் டப்பா எப்படியும் சுவருக்கே போய்விடும்.

பலகையின் பின்பக்கம் "அ", "ஆ" என்று மட்டும் எழுதுங்கள். நிறத்தின் விற்பனைப் பெயர் மனத்தில் இருந்தால் கண் அதன் பின்னாலேயே போகும்.

4. காலணிப் பெட்டிச் சோதனை

தனிப் பலகையால் காட்ட முடியாத ஒன்று உண்டு. நான்கு சுவரும் ஒரே நிறமானால், ஒரு சுவரில் பட்டுத் திரும்பும் நீலம் எதிர்ச் சுவரில் விழுந்து மறுபடி திரும்பும். ஒவ்வொரு முறையும் நீலம் அல்லாத வெளிச்சம் கழிந்துகொண்டே போகும். அதனால் அறை, பலகையைவிட இருட்டாகவும் சாயல் தூக்கலாகவும் ஆகிறது. மூலைகளில் இது இன்னும் கடுமை.

இரண்டு காலணிப் பெட்டிகளின் உட்பக்கத்தை, ஒன்றில் "அ", மற்றதில் "ஆ" என்று இரண்டு கோட் அடியுங்கள். அட்டை ஈரத்தில் நெளியும் என்பதால் முதலில் பிரைமர் போட்டுக்கொள்ளுங்கள். காய்ந்ததும் நீளவாக்குப் பக்கத்தில் ஒரு சிறு சன்னல் வெட்டி, அந்தப் பக்கம் அறையின் சன்னலை நோக்கி இருக்கும்படி வையுங்கள். மூடியில்லாத பக்கம் வழியாகப் பெட்டியின் உள்மூலையைப் பாருங்கள். நான்கு சுவரும் அடித்த அறையில் இரண்டில் எது பச்சையாகும், எது ஊதாவாகும், எது வெறும் இருட்டாகும் என்பதற்கு இதைவிட மலிவான முன்னோட்டம் கிடையாது. ஒரே ஒரு சுவருக்கு மட்டும் கருநீலம் என்றால் இந்தப் படியைத் தாண்டிவிடலாம்.

5. மூன்று நாள் வெளிச்சம்

அவசரப்படாமல் செய்ய வேண்டிய பகுதி இது. தேர்வு இங்கேதான் நடக்கிறது.

பலகையைத் தரையில் படுக்கவைத்துப் பார்க்கக் கூடாது. மேலிருந்து வரும் வெளிச்சம் முழுக்க அதன்மேல் விழுந்து, சுவரில் இருப்பதைவிட வெளிராகக் காட்டும். கண் உயரத்தில் நிமிர்த்தி ஒட்டுங்கள். மூன்று இடங்களில் மாற்றி மாற்றி வையுங்கள்: சன்னலுக்கு எதிர்ச் சுவர், சன்னல் இருக்கும் சுவர், சன்னலிலிருந்து மிகத் தொலைவான மூலை. சன்னல் சுவரைப் பலர் மறந்துவிடுவார்கள். கண் சன்னலின் பிரகாசத்துக்குப் பழகிவிடுவதால், அதே சுவர் பகலிலேயே கருப்பாகத் தெரியும். இரண்டில் எது அந்தச் சுவரிலும் நீலமாகத் தாக்குப்பிடிக்கிறதோ, அதற்குக் கூடுதல் மதிப்பெண்.

நாளுக்கு நான்கு வேளை: காலை, உச்சி வெயில், மாலை, விளக்கு போட்ட இரவு. ஒவ்வொரு வேளையும் இரண்டு விதமாகப் பார்க்க வேண்டும். முதலில் இரண்டு பலகையையும் ஒட்டி வைத்து, வித்தியாசம் எங்கே இருக்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். பிறகு ஒன்றை அறைக்கு வெளியே எடுத்துப் போய்விட்டு, மற்றதைத் தனியாகப் பாருங்கள். நீங்கள் வாழப்போவது ஒரு நிறத்தோடு மட்டும்தான். அருகருகே வைத்தபோது பெரிதாகத் தெரிந்த வித்தியாசம் தனியாகப் பார்த்தால் மறைந்துவிடக்கூடும்.

பார்க்கும் முறையும் முக்கியம். வாசலிலிருந்து உள்ளே நுழைந்து இரண்டு நொடிக்குள் மனத்தில் வரும் முதல் சொல்லை எழுதுங்கள்: நீலம், கருப்பு, பச்சை, ஊதா, சாம்பல். உற்றுப் பார்த்துக்கொண்டே நின்றால் கண் பழகிவிடும், எல்லாம் நீலமாகவே தெரியும். மூன்று நாளில் பலகைக்குப் பன்னிரண்டு சொற்கள் சேரும்.

சூரிய வெளிச்சம் நேராக வராத அறையில் வானத்தின் நீல ஒளிதான் உள்ளே வருகிறது. அங்கே சிலேட்டுச் சாயல் குளிர்ந்து உயிரற்றுப் போகும், கத்தரிப்பூச் சாயல் மிருதுவாக நிற்கும். நேர் வெயில் விழும் அறையில் தெளிவான நீலம் பகலில் கண்ணைப் பறிக்கும் அளவுக்குத் தூக்கலாகிவிடும். அங்கே சாம்பல் கலந்ததே நிதானமாக இருக்கும்.

இனி இரவு விளக்கு. விளக்கொளியின் நிறத்தைக் கெல்வின் என்ற அளவில் சொல்வார்கள்: எண் குறைந்தால் மஞ்சள், கூடினால் நீலம் தட்டும் வெள்ளை. 2700 கெல்வின் மஞ்சள் விளக்கில் நீல ஒளி குறைவு. திருப்பி அனுப்ப நீல ஒளியே இல்லாதபோது நீலச் சுவர் என்ன செய்யும்? கருத்துப்போகும். மயில்கழுத்துச் சாயல் அங்கே பெரும்பாலும் இன்னும் பச்சையாகும். கத்தரிப்பூச் சாயல் நீலத்தை இழந்து ஊதாவாகவோ கரியாகவோ மாறும். 4000 கெல்வினில் இரண்டும் நீலத்துக்குத் திரும்பும். 6500 கெல்வின் வெள்ளையில் நீலம் பளிச்சென்று இருக்கும், ஆனால் உட்கார்ந்து பேசும் அறைக்கு அந்த வெளிச்சம் உகந்ததல்ல.

விளக்குப் பெட்டியில் சிஆர்ஐ என்ற எண்ணையும் பாருங்கள். நிறங்களை அந்த விளக்கு எவ்வளவு உண்மையாகக் காட்டுகிறது என்பதற்கான அளவு அது, உச்சம் 100. 90க்குக் குறையாதது நல்லது. அதோடு தெரிந்துகொள்ள வேண்டியது: அந்த எண் எட்டு மிதமான நிறங்களை வைத்து எடுத்த சராசரி. அடர்நீலத்துக்கான ஆர்12 என்ற அளவு அதில் சேர்வதே இல்லை. சிஆர்ஐ ஒன்றாகவே இருக்கும் இரண்டு விளக்குகள் ஒரே கருநீலத்தை வெவ்வேறாகக் காட்டுவதற்கு இது ஒரு காரணம். ஆகவே எந்த விளக்கு அந்த அறையில் இருக்கப்போகிறதோ, அதே விளக்கில் பாருங்கள். இரவில் நிறம் கருப்பாகப் போனால் நிறத்தைக் கழிப்பதற்கு முன் 3000 அல்லது 3500 கெல்வின் விளக்கு ஒன்றை மாட்டிப் பாருங்கள். விளக்கை மாற்றுவது சுலபம், சுவரை மாற்றுவது கடினம்.

பகலில் ஒன்றாக இருக்கும் இரண்டு நீலங்கள் இரவில் பிரிந்துபோவது உங்கள் கண்ணின் குறை அல்ல. இரண்டிலும் நிறமிகள் வேறு. தாலோ நீலம் பச்சைப் பக்கம் சாயும். அல்ட்ராமரைன் சிவப்பின் கடைக்கோடி ஒளியையும் கொஞ்சம் திருப்பி அனுப்பும்; அதனால் மஞ்சள் விளக்கில் ஊதா தலைகாட்டும். வெவ்வேறு கலவைகள் ஒரு வெளிச்சத்தில் மட்டும் சந்தித்துக்கொள்வதை மெட்டமெரிசம் என்கிறார்கள். ஒரு நிறுவனத்தின் கருநீலத்தை இன்னொரு நிறுவனத்தின் மெஷினில் "அதேபோல" கலக்கச் சொல்வது ஆபத்தாவதும் இதனால்தான். எந்த நிறுவனத்தின் நிறமோ அந்த நிறுவனத்தின் பெயின்டிலேயே வாங்குங்கள்.

விளக்கு போடுவதற்குச் சற்று முந்திய அந்திநேரத்தில் கருநீலம் திடீரென்று அழகாகத் தெரியும், சிவந்த மரச்சாமான்கள் கருத்துப்போகும். மங்கிய வெளிச்சத்தில் கண் நீலத்தின் பக்கம் கூர்மையாகிவிடுவதால் வரும் விளைவு இது. செக் நாட்டு உடலியலாளர் யான் புர்க்கின்யே 1819ல் கவனித்துச் சொன்னது. ரசிக்கலாம். அந்தப் பத்து நிமிடத்தை வைத்து முடிவெடுக்க வேண்டாம்.

வீட்டில் இருவர் சண்டை போட்டால், ஒருவருக்கு நீலமாகத் தெரிவது மற்றவருக்குக் கருப்பாகத் தெரிந்தால், இருவரும் உண்மையையே சொல்கிறார்கள் என்று எடுத்துக்கொள்ளுங்கள். வயது ஏற ஏறக் கண்வில்லை மஞ்சளாகி நீல ஒளியைத் தடுக்கும். பெரியவர்களும் அந்த அறையைப் பயன்படுத்துவார்கள் என்றால் இரண்டில் வெளிர்ந்ததே நியாயமான தேர்வு.

கைபேசிப் படம் எடுத்து ஒப்பிடாதீர்கள். கேமரா ஒவ்வொரு படத்துக்கும் வெளிச்சத்தையும் நிறச்சமநிலையையும் தானாகவே திருத்திக்கொள்ளும்; கருநீலத்தில் அந்தத் திருத்தம் மிகத் தவறாகப் போகும்.

6. பக்கத்தில் இருக்கப்போகிறவை

பலகையைத் தரையின் மாதிரித் துண்டு, திரைச்சீலை, சோஃபா துணி, கதவின் மரம் ஆகியவற்றோடு சேர்த்துப் பாருங்கள். ஆரஞ்சு, மஞ்சள் கலந்த மரம் நீலத்தை இன்னும் நீலமாக்கும், சிலேட்டுச் சாயல்கூட அங்கே உயிர்பெறும். சாம்பல் தரையும் ஸ்டீல் கைப்பிடிகளும் இருக்கும் அறையில் அதே சிலேட்டு நீலம் சிமென்ட் சுவராகிவிடும். சிவந்த தரையின் ஒளி சுவரின் கீழ்ப்பகுதியில் ஏறி கத்தரிப்பூச் சாயலைத் தூண்டும்.

கூரைக்கும் கதவுச் சட்டத்துக்கும் எந்த வெள்ளை என்பதையும் இப்போதே தீர்மானியுங்கள். மஞ்சள் கலந்த வெள்ளை நீலத்தைத் தெளிவாக்கும். நீலம் கலந்த வெள்ளைக்குப் பக்கத்தில் அதே நிறம் சாம்பலாகும். சில வேளை இரண்டு நீலங்களுக்கு நடுவில் தவிக்கும் குழப்பம் தவறான வெள்ளையால் வந்ததாகவே இருக்கும்.

7. மினுமினுப்பு

ஒரே நிறம், ஒரே டப்பா எண், பளபளப்பில்லாத மேட் ஃபினிஷில் ஒரு மாதிரியும் லேசாகப் பளபளக்கும் சாட்டின் ஃபினிஷில் வேறு மாதிரியும் தெரியும். மேட் பரப்பு வெளிச்சத்தை எல்லாப் பக்கமும் சிதறடிப்பதால் நிறம் சற்று வெளிர்ந்து, சுண்ணாம்புத் தூள் படிந்ததுபோல இருக்கும். சாட்டினில் ஆழம் கூடும், ஆனால் சன்னலுக்கு எதிரில் வெள்ளைப் பளபளப்பு விழும், பூச்சின் மேடுபள்ளம் அத்தனையும் தெரியும்.

கருநீலத்துக்கு எங்கள் பரிந்துரை, துடைக்கக்கூடிய மேட் அல்லது எக்‌ஷெல் எனப்படும் முட்டையோட்டு மினுமினுப்பு. சாதாரண மேட்டில் நகம் பட்டால் வெள்ளைக் கோடு விழும், தேய்த்தால் அந்த இடம் மட்டும் பளபளக்கும். அடர் நிறத்தில் இரண்டும் உடனே தெரியும்.

8. முடிவு

எழுதிவைத்த சொற்களை எடுங்கள். அந்த அறையை நீங்கள் எந்த வேளையில் அதிகம் பயன்படுத்துகிறீர்கள்? படுக்கையறை என்றால் இரவுச் சொற்களுக்கு இரட்டை மதிப்பு. படிக்கும் அறை என்றால் காலையும் பகலும். சாப்பாட்டு அறைக்கு விளக்கு நேரம் மட்டும் போதும். அந்த வேளைகளில் "நீலம்" என்ற சொல் எந்தப் பலகைக்கு அதிகம் வந்திருக்கிறதோ அதை எடுங்கள். பகலில் மற்றது எவ்வளவு அழகாக இருந்தாலும் சரி.

இரண்டும் சமமாக வந்தால் எல்ஆர்வி அதிகமுள்ளதை எடுங்கள், அறை எப்படியும் நிறத்தை ஒரு படி இருட்டாக்கும். எல்ஆர்வியும் சமம் என்றால் சாம்பல் குறைந்ததை எடுங்கள். சாம்பலை அறையும் நிழலும் தாமாகவே சேர்த்துவிடும், நீலத்தை யாரும் சேர்க்க மாட்டார்கள். மூன்று நாள் தனித்தனியாகப் பார்த்தும் எந்த வித்தியாசமும் தெரியவில்லை என்றால், எளிதாகக் கிடைக்கும் நிறுவனத்தின் நிறத்தை எடுத்துக்கொள்ளலாம். பின்னால் ஒரு லிட்டர் தேவைப்படும்போது அதன் அருமை தெரியும்.

இரண்டையும் கலந்து நடுநிறம் எடுப்பது மட்டும் வேண்டாம். அதை மறுபடி அதேபோல உருவாக்க முடியாது.

9. தேர்ந்த நிறம் சுவரிலும் அதே நிறமாக வர

சரியான நிறத்தைத் தேர்ந்தெடுத்தும் சுவரில் திட்டுத் திட்டாக வந்தால் தேர்வையே சந்தேகிக்கத் தோன்றும். பெரும்பாலும் குற்றம் நிறத்தில் இருக்காது.

ஈரம் முதலில். கருநீலத்தில் உப்புப் பூத்தால் மாவு தெளித்ததுபோல அப்பட்டமாகத் தெரியும். சந்தேகம் உள்ள சுவரில் அரை மீட்டர் சதுரப் பிளாஸ்டிக் தாளை நான்கு ஓரமும் டேப் ஒட்டி ஒரு நாள் விடுங்கள். உள்ளே நீர் கோத்தால் ஈரத்தின் காரணத்தைச் சரிசெய்யும்வரை பெயின்ட் வேண்டாம். புதிய சிமென்ட் பூச்சு குறைந்தது 28 நாள் காய்ந்திருக்க வேண்டும்.

பட்டி பார்த்த இடங்களை 180 முதல் 220 வரையிலான உப்புத்தாளால் தேய்த்து, டார்ச்சைச் சுவரோடு ஒட்டிச் சாய்வாகப் பிடித்துப் பாருங்கள். அந்த வெளிச்சத்தில் தெரியும் மேடு, கருநீலத்திலும் தெரியும்.

பிரைமர் வெள்ளையாக இருக்கக் கூடாது. அடர் நிறங்கள் டீப் பேஸ் எனப்படும் அடிப்படையில் கலக்கப்படுகின்றன. அதில் மறைக்கும் திறன் தரும் டைட்டானியம் டையாக்சைடு மிகக் குறைவு. வெள்ளை கூடினால் நிறம் அடர்ந்தே வராது. ஆகவே வெள்ளைப் பிரைமர்மேல் மூன்று, நான்கு கோட் போட்டாலும் வெளிச்சத்தில் திட்டு தெரியும். நடுத்தரச் சாம்பல் நிறம் கலந்த பிரைமர் ஒரு கோட் போட்டால் பெரும்பாலும் இரண்டு கோட்டில் மூடிவிடும். பட்டித் திட்டுகள் பெயின்டை உறிஞ்சி மங்கலாகத் தெரிவதையும் அது தடுக்கும்.

அளவு: டீப் பேஸில் லிட்டருக்கு ஒரு கோட் 10 சதுர மீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். 4 × 3.5 மீட்டர் அறை, உயரம் 3 மீட்டர் என்றால் சுவர் 45 சதுர மீட்டர். கதவு, சன்னல் கழித்து 40. இரண்டு கோட்டுக்கு 8 லிட்டர், மூன்று கோட்டுக்கு 12. பத்து சதவீதம் கூட்டி வாங்குங்கள். 4 × 3 மீட்டர் ஒற்றைச் சுவருக்கு இரண்டு கோட்டுக்கு 2.4 லிட்டர், மூன்றுக்கு 3.6.

எல்லா டப்பாவும் ஒரே நாளில், ஒரே மெஷினில் கலந்ததாக இருக்கட்டும். கலந்ததும் மூடியில் ஒரு சொட்டு தடவிக் காயவைத்து, உங்கள் மாதிரிப் பலகையோடு ஒட்டிப் பாருங்கள். வீட்டுக்கு வந்ததும் எல்லா டப்பாவையும் ஒரு பெரிய பக்கெட்டில் ஊற்றிக் கலந்த பிறகே தொடங்குங்கள். சுவரின் நடுவில் டப்பா மாறினால் அந்தக் கோடு கருநீலத்தில் மறையாது.

ஒரு சுவரைத் தொடங்கினால் மூலையிலிருந்து மூலைவரை நிறுத்தாமல் முடியுங்கள். ஈர விளிம்பு காய்ந்த பிறகு அதன்மேல் ரோலர் போனால் இரட்டைப் பூச்சுக் கோடு விழும். கூரை ஓரத்தைப் பிரஷ்ஷால் அடித்த உடனே, அது காயும் முன், ரோலரை ஓரத்துக்கு எவ்வளவு நெருக்கமாகக் கொண்டுபோக முடியுமோ அவ்வளவு நெருக்கமாக உருட்டுங்கள். இல்லாவிட்டால் பிரஷ் பட்ட பட்டை சட்டம் போட்டதுபோலத் தனியாகத் தெரியும். இதைப் பார்த்துத்தான் பலர் "நிறம் மாறி வந்திருக்கிறது" என்று கடைக்கு ஓடுகிறார்கள்.

நிறமி அதிகம் சேர்ந்த பெயின்ட் மெதுவாகவே இறுகும். டப்பாவில் நான்கு மணி நேரம் என்று போட்டிருந்தாலும் கோட்டுக்குக் கோட் ஓர் இரவு விடுங்கள். முதல் கோட்டுக்குப் பிறகு சுவர் பயமுறுத்தும்படி திட்டாக இருக்கும், இரண்டாவதில் சேர்ந்துவிடும். நாலு வாரம்வரை ஈரத்துணி போட்டுத் துடைக்க வேண்டாம், அலமாரியைச் சுவரோடு ஒட்டித் தள்ள வேண்டாம். குளியலறைபோல நீராவி தங்கும் இடத்தில் அடித்த சில நாளிலேயே பழுப்பு நிறத்தில் பிசுக்கு வழிந்தால் அது பெயின்டுக்குள் இருக்கும் சோப்புத்தன்மை வெளியேறுவது. பூச்சு நன்கு இறுகிய பிறகு வெதுவெதுப்பான நீரால் மெல்லக் கழுவினால் போய்விடும்.

மிச்சப் பெயின்டைச் சின்ன டப்பாவுக்கு மாற்றி, விளிம்புவரை நிரப்பி மூடி, நிறத்தின் எண், பேஸ், ஃபினிஷ், பேட்ச் எண், தேதி, எந்தச் சுவர் என்பதை மூடியின்மேலேயே எழுதுங்கள். பின்னால் ஒட்டுப்போட நேர்ந்தால் பிரஷ்ஷால் புள்ளி வைக்காமல், சிறு ரோலரால் மூலையிலிருந்து மூலைவரை அந்தச் சுவர் முழுக்க ஒரு கோட் ஓட்டுங்கள்.